பணியாரக்கல் ஆன தகடு: ரைஃபிள் பயிற்சிக்கு எந்த ஸ்டீல் வாங்கலாம்?

டெக்சாஸில், ஆஸ்டினுக்கு மேற்கே, நண்பர் ஒருவருக்கு ஐம்பது ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சீடர் எனும் ஊசியிலைப் புதரும்தான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் மண்மேடு பனை உயரத்துக்கு எழும்பி நிற்கும். சுட்டுப் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். இடம் நல்ல இடம்தான். அங்கே நாங்கள் தொங்கவிட்ட தகடுதான் தப்பு.

கேட் செய்யும் பட்டறையில் மிச்சமாகக் கிடந்த அரை அங்குலத் தகடு அது. சும்மா கொடுத்தார்கள். அரை அங்குலம் என்றால் கையில் தூக்கும்போதே நம்பிக்கை வந்துவிடும். மேட்டுக்கு முன்னால் இரண்டு சங்கிலியில் தொங்கவிட்டு, அறுபது கஜம் தள்ளி நின்று .223 ரைஃபிளால் (எண், குண்டின் விட்டம் ஏறக்குறைய எத்தனை அங்குலம் என்பது) சுட்டோம். முதல் நான்கு குண்டுக்கு ‘டங்’, ‘டங்’ என்று சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். ஐந்தாவதுக்கு டங்கோடு சேர்த்து வண்டு பறப்பதுபோல ஓர் இரைச்சல். பக்கத்தில் நின்ற நண்பர் முழங்கைக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஏதோ கடிச்சிருச்சு” என்றார். கடித்தது தாமிரம். குண்டின் மேலுறையிலிருந்து பிய்ந்த துண்டு. சுண்டுவிரல் நகம் அளவுதான், ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி. காயம் பிளாஸ்திரி போடும் அளவோடு போயிற்று. ஓர் அடி மேலே வந்திருந்தால், கண்ணாடி போட்டிருந்ததுதான் காப்பாற்றியிருக்கும்.

தகட்டைப் போய்ப் பார்த்தோம். பணியாரக்கல். ஐந்து குழி, ஒவ்வொன்றைச் சுற்றியும் உதடு மாதிரி எழும்பிய விளிம்பு. விரலை உள்ளே விட்டால் முதல் கணு பாதி மறைந்தது. ஆபத்து எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தகடு சமமாக இருந்தால், ஈயக் குண்டு அதில் பட்டதும் சிதறி, தகட்டின் முகத்தை ஒட்டியே நாலாபக்கமும் தெறித்து ஓடும். ஓட்டில் விழும் மழைத்துளி மாதிரி. சுடுபவர் பக்கம் அநேகமாக எதுவும் வராது. குழி விழுந்த தகட்டில் அடுத்த குண்டு அந்தக் குழியிலோ அதன் விளிம்பிலோ இறங்கினால், சரிவைப் பிடித்துக்கொண்டு வளைந்து, வந்த வழியே திரும்பும். ஆக, குழி விழாமல் இருக்கும் தகடு வேண்டும். ஸ்டீல் டார்கெட்டில் ‘நீடித்து உழைப்பது’ என்று எதைச் சொல்கிறோமோ, ‘பாதுகாப்பானது’ என்பதும் அதுவேதான். இரண்டையும் தனித்தனியாகப் பேச முடியாது.

அதன்பிறகு மூன்று மாதம் இதைப் பற்றியே படித்தும் விசாரித்தும் கொண்டிருந்தேன். கடைக்காரர்கள் சொல்வது ஒன்று, சுடுபவர்கள் சொல்வது ஒன்று. பெரும்பாலான வாக்குவாதம் ‘ஏஆர் 500 போதுமா, ஏஆர் 550 வேண்டுமா’ என்பதிலேயே சுற்றி வருகிறது. நான் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

முதலில் இந்த ஏஆர் என்பது என்ன என்று பார்ப்போம். கவசத்துக்கான எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தேய்மானத்தைத் தாங்குவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சுரங்கத்தில் பாறை ஏற்றும் டிப்பரின் உள்தகடு, ஜே.சி.பி. பக்கெட்டின் விளிம்பு, ஜல்லி சறுக்கி விழும் தொட்டி, இவற்றுக்காகப் பிறந்த எஃகு. நம் ஊர் டிப்பர் பாடி கட்டும் பட்டறைகளில் ‘ஹார்டாக்ஸ்’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். சுவீடனின் எஸ்எஸ்ஏபி ஆலை தயாரிக்கும் அதே வகைத் தகடுதான் இது. குண்டு தாங்குவது அதற்கு உபதொழில்.

பின்னால் வரும் எண், பிரினெல் கடினம். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான உருண்டையை 3,000 கிலோ எடையில் தகட்டின் மேல் அழுத்துவார்கள். விழும் குழியின் பரப்பை அளந்து, எடையை அந்தப் பரப்பால் வகுப்பார்கள். 500 பிரினெல் என்றால், குழியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமார் 500 கிலோ தாங்கியது என்று அர்த்தம். எங்கள் கேட் தகடு ஏ36 எனும் சாதாரண மைல்டு ஸ்டீல். அதற்கு 130 சொச்சம். ஏஆர் 400 தகட்டுக்கு ஏறக்குறைய 360 முதல் 440 வரை. ஹார்டாக்ஸ் 500-க்கு 470 முதல் 530 வரை. 550-க்கு 525 முதல் 575 வரை. கவனித்தீர்களா? 500-இன் மேல் நுனியும் 550-இன் கீழ் நுனியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கெட்டியான 500 ஒன்று, மெத்தனமான 550 ஒன்றைவிடக் கடினமாக இருக்க முடியும்.

சரி, குண்டு அழுத்துவது எவ்வளவு? இங்கேதான் எனக்கு ஒரு சின்னக் கணக்கு கைகொடுத்தது. ரைஃபிள் வேகத்தில் மோதும்போது ஈயம் திடப்பொருளாக நடந்துகொள்ளாது, ஏறக்குறைய தண்ணீர் மாதிரி சிதறும். குழாயிலிருந்து சுவரில் பீய்ச்சும் தண்ணீர் எவ்வளவு அழுத்தும் என்று பள்ளியில் படித்த சூத்திரம்தான்: அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 11.3 மடங்கு. விடையைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று மாற்றினால், பிரினெல் எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம். தாமிர உறை, குண்டின் வடிவம், படும் கோணம் எதையும் சேர்க்காத மட்டமான கணக்கு இது. ஆனாலும் களத்தில் பார்ப்பதோடு ஆச்சரியமாக ஒத்துப்போகிறது.

.22 ரிம்ஃபயர் குண்டு நொடிக்கு 1,200 அடி வேகத்தில் போனால் சுமார் 77. ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, 1,150 அடியில், 71. இரண்டும் மைல்டு ஸ்டீலின் 130-க்குக் கீழே இருப்பதால், அதில் குழி தோண்டச் சிரமப்படும். இப்போது ரைஃபிளுக்கு வாருங்கள். 55 கிரேன் (குண்டின் எடையைச் சொல்லும் சிற்றளவு) .223 குண்டு குழாய் வாயில் 3,240 அடி வேகத்தில் கிளம்பும். நூறு கஜத்தில் 2,750-க்குப் பக்கம் இருக்கும். நூறு கஜத்துக் கணக்கு சுமார் 405. மைல்டு ஸ்டீலுக்கு மூன்று மடங்கு. பணியாரக்கல் ஆகாமல் வேறு என்ன ஆகும்? அரை அங்குலம் என்ன, ஓர் அங்குலம் போட்டிருந்தாலும் துளை விழாதே தவிர குழி விழுந்திருக்கும். தடிமன் கடினத்துக்கு ஈடாகாது. எங்களுக்கு அன்று தெரியாமல் போன விஷயம் இது ஒன்றுதான்.

அதே .223 குழாய் வாயில் 560. ஐம்பது கஜத்தில் ஏறக்குறைய 480. நூறில் 405. நூற்றைம்பதில் 340. இருநூறில் 285. இந்த ஐந்து எண்ணையும் ஏஆர் 400, 500, 550 பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏஆர் 400 நூறு கஜத்தில் விளிம்பில் நிற்கிறது, நம்பி வாங்க முடியாது. ஏஆர் 500-க்கு அதே தூரத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. ‘3,000 அடிக்கு மேல் வேகமான குண்டை ஏஆர் 500-இல் சுடாதே’ என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த 3,000 அடியைச் சூத்திரத்தில் போட்டால் 483 வருகிறது. வழக்கில் உள்ள எச்சரிக்கையும் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கணக்கின்மேல் நம்பிக்கை வந்தது.

இனி 550. காசைக் கூடக் கொடுத்து 500-இலிருந்து 550-க்குப் போனால் கிடைப்பது 50 எண். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், கடினம் பத்து சதவீதம் கூடினால் தாங்கும் வேகம் ஐந்து சதவீதம்தான் கூடும். நொடிக்கு 150 அடி, அவ்வளவே. அதற்குப் பதிலாகத் தகட்டை நூறு கஜத்திலிருந்து நூற்றைம்பதுக்கு நகர்த்தினால் .223-இல் குறைவது 65 எண். செலவு, ஐம்பது கஜம் கூடுதல் நடை. தெறிப்பும் அதே ஐம்பது கஜம் தள்ளிப் போகிறது. இடம் இருப்பவர் 550-க்குக் காசு கொடுப்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. அந்தக் காசில் இரண்டாவது ஏஆர் 500 தகடு ஒன்று வாங்கிப் பக்கத்தில் தொங்கவிடலாம்.

550-க்கு நியாயமான ஆளும் உண்டு. .22-250 மாதிரி மின்னல் வேகத் தோட்டா வைத்திருப்பவர்கள். கயோட்டி எனும் சின்ன ஓநாய், புல்வெளி நாய் எனப்படும் அணில் வகை, இவற்றுக்கான துப்பாக்கி. 55 கிரேன் குண்டு நூறு கஜத்தில்கூட 3,100 அடிக்கு மேலே இருக்கும். கணக்கு 525-ஐத் தாண்டுகிறது. அவர் நிலம் நூறு கஜத்தோடு முடிகிறது என்றால், 550 வாங்குவதைத் தவிர வழியில்லை. அதுவும் இடுக்கமான வழிதான். இருநூறு கஜம் கிடைத்தால் அவருக்கும் 500 போதும்.

இதில் புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. .308 பெரிய துப்பாக்கி, தோளில் இடிக்கும், சத்தம் அதிகம். ஆகவே அதுதான் தகட்டைக் கெடுக்கும் என்று நினைப்பார்கள். 168 கிரேன் .308 நூறு கஜத்தில் 2,450 அடி வேகத்தில் வரும். கணக்கு 320 சொச்சம். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத .223-தான் அதைவிட ஆழமாகக் குத்துகிறது. .308 செய்வது வேறு வேலை: தள்ளும். .223-ஐப் போல இரண்டரை மடங்குக்கு மேல் தள்ளும். குழி தோண்டாது, ஆனால் தகட்டை வளைக்கும், போல்ட்டை ஆட்டும், சங்கிலியை முறுக்கும். கடினம் .223-க்காக, தடிமன் .308-க்காக என்று மனதில் வைத்துக்கொண்டால் வாங்கும்போது குழப்பம் வராது.

தடிமனில் சந்தையில் கிடைப்பவை மூன்று. கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், அரை அங்குலம். கால் அங்குலம் .22-க்கும் கைத்துப்பாக்கிக்கும். ரைஃபிளுக்கு அதை யாராவது பரிந்துரைத்தால் நகர்ந்துவிடுங்கள். குழி விழாவிட்டாலும் சில நாளில் தாம்பாளம் மாதிரி குழிந்துவிடும், குழிந்த தகடு தெறிப்பைக் குவித்து முன்னால் அனுப்பும். எட்டில் மூன்று அங்குலம் .223-க்கு நிறைவு; .308-க்கு இருநூறு கஜத்தை ஒட்டி வைத்தால் சரி. நூறு கஜத்தில் .308, அதைவிடப் பெரியது என்றால் அரை அங்குலம்.

எடையையும் யோசிக்க வேண்டும். பன்னிரண்டு அங்குல வட்டத் தகடு எட்டில் மூன்று தடிமனில் 12 பவுண்டு, அரை அங்குலத்தில் 16 பவுண்டு. ஒன்றைத் தூக்க யாருக்கும் கஷ்டமில்லை. ஐந்து தகடு, ஸ்டாண்டு, போல்ட்டு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் சேர்த்து சீடர் புதருக்கு நடுவே முந்நூறு கஜம் சுமந்தவருக்குத்தான் இந்த நான்கு பவுண்டின் அருமை தெரியும். மெல்லிய தகடு துள்ளி ஆடுவதால் பட்டதா இல்லையா என்று தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்ற சௌகரியமும் உண்டு. இன்னொன்று: இங்கே தபால் துறையின் ஒரே கட்டணப் பெட்டியில் 70 பவுண்டு வரை எடை பார்க்க மாட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி அளவு பார்த்து வாங்கினால், இரும்புக்குப் பஞ்சுக்கான தபால் செலவு.

எப்படி வெட்டினார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். எண்ணைவிட இது முக்கியம் என்றே நினைக்கிறேன். கொல்லுப் பட்டறையில் அரிவாள் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் பதம் ஏறும். அதே அரிவாளை மறுபடி அடுப்பில் காட்டினால் பதம் இறங்கிவிடும். பிறகு அது தேங்காய் நார் உரிக்கத்தான் லாயக்கு. ஏஆர் தகடும் ஆலையில் அப்படித் தோய்த்துக் கடினமாக்கியதுதான். ஹார்டாக்ஸ் மாதிரித் தகட்டை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கடினத்துக்கு உத்தரவாதம் கிடையாது. கேஸ் கட்டிங்கில் வெட்டினால் ஓரத்திலிருந்து நல்ல அகலத்துக்குப் பதம் இறங்கியிருக்கும். பிளாஸ்மாவில் அதைவிடக் குறைவு. லேசரில் மெல்லிய கோடு. வாட்டர் ஜெட்டில் சூடே இல்லை. பெரிய தகடு, நடுவில்தான் சுடப்போகிறோம் என்றால் பிளாஸ்மா பரவாயில்லை. நான்கு அங்குல வட்டம் என்றால் ஓரத்தில் போனதுபோக மிச்சம் எவ்வளவு? சின்னத் தகட்டுக்கு லேசரோ வாட்டர் ஜெட்டோதான்.

அதே காரணத்துக்காக, தகட்டில் எந்தப் பக்கமும் வெல்டிங் வைக்காதீர்கள். கொக்கி பற்றவைத்த பழைய தகடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எங்கும் சமமாக இருந்தது, வெல்டிங்குக்கு நேர் எதிரே மட்டும் வட்டமாகக் குழிகள். பின்பக்கம் வைத்த வெல்டிங்தான்; சூடு முன்பக்கம் வரை இறங்கியிருக்கிறது.

ஏஆர் 500 என்று எழுதிவிட்டால் போதும் என்ற நிலைமையும் உண்டு. அந்தப் பெயரை எவரும் எதன்மேலும் பெயின்ட்டில் எழுதலாம். தகடு எந்த ஆலையில் உருண்டது, எந்த ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது), கடினம் எவ்வளவு என்று மில் சான்றிதழ் இருக்கும். கேட்டால் அனுப்புபவரிடம் வாங்குங்கள். “எங்க தகட்டை எல்லோரும் வாங்குறாங்க” என்று பதில் வந்தால் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் புல்டோசர் பிளேடு கிடைக்கிறது, அதுவும் கெட்டி இரும்புதானே என்று ஒருவர் கேட்டார். இருக்கலாம். என்ன பதம், எங்கே தேய்ந்தது, எங்கே பற்றவைத்தார்கள் என்று தெரியாத இரும்புக்கு முன்னால் நின்று சுட எனக்குத் தைரியம் இல்லை.

தொங்கவிடும் விதத்தில் ஒரே விதி: முகம் கொஞ்சம் தரையைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். தெறிப்பு மண்ணுக்குள் போய்விடும். போல்ட்டின் தலை உருண்டையாக, வழவழப்பாக இருக்கட்டும். முன்பக்கம் நட்டும் மரையும் நீட்டிக்கொண்டிருந்தால் அது எந்தப் பக்கம் எதைத் திருப்பிவிடும் என்று சொல்ல முடியாது. சங்கிலி நன்றாகத்தான் இருக்கும், ஒரு குண்டு சங்கிலிக் கண்ணியில் படும் வரை. நாங்கள் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிப் பட்டையாக்கித் தொங்கவிடுகிறோம். குண்டு பட்டால் துளைத்துக்கொண்டு போகும், தெறிக்காது. கன்வேயர் பெல்ட் துண்டும் அப்படியே. கால்களுக்கு மரச்சட்டம். அது சில மாதத்தில் நொறுங்கிவிடும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்; இரும்புக் கால் நிறுத்தி அதிலிருந்து தெறிப்பு வாங்குவதைவிட மேல். அப்புறம், அவ்வப்போது தகட்டைத் திருப்பிப் போடுங்கள். ஒரு பக்கம் வளைந்தது மறுபக்கம் நிமிரும்.

எதை வைத்துச் சுடுகிறீர்கள் என்பதும் தகட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஒரு காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும். தோட்டாவின் குண்டில் ஒட்டினால் உள்ளேயோ உறையிலோ இரும்பு இருக்கிறது. பச்சை முனை பூசிய 62 கிரேன் ராணுவ வகைத் தோட்டாவுக்குள் எஃகு ஊசி இருக்கும். என் கணக்கெல்லாம் ஈயத்துக்கானது, அந்த ஊசிக்குச் செல்லாது. நல்ல தகட்டை ஒரே நாளில் பாழாக்கிவிடும்.

இரும்புக் குண்டில் தீ அபாயமும் சேர்ந்துகொள்கிறது. 2012 ஜூனில் யூட்டா மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் அருகே குறிபார்த்துச் சுட்டவர்களால் கிளம்பிய காட்டுத்தீ, ஆயிரக்கணக்கானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது. 2013-இல் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் எஃகுத் தகட்டில் சுட்டு, சிதறல்களைக் காய்ந்த மக்கில் விழவைத்துச் சோதித்தார்கள். எஃகு உள்ள குண்டும் முழுத் தாமிரக் குண்டும்தான் அடிக்கடி நெருப்பு வைத்தன. எங்கள் பக்கத்தில் கோடையில் புல் அப்பளம் மாதிரி இருக்கும். கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தீத்தடை அறிவித்திருக்கும் வாரங்களில் நாங்கள் ஸ்டீலை வெளியே எடுப்பதே இல்லை. மற்ற நாட்களிலும் தகட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கிவிட்டு, தண்ணீர்க் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

ஸ்டீல்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். கல்லூரியில் என்சிசி முகாமில் .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா கொடுத்தார்கள். தரையில் படுத்துச் சுட்டுவிட்டு, விசில் ஊதியதும் ஓடிப்போய்க் காகிதத்தில் விழுந்த ஐந்து துளைக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்ப்போம். எல்லாத் துளையும் இடது கீழ்ப்பக்கம் ஒதுங்கியிருந்தால் விசையை இழுக்கிறாய் என்று ஹவில்தார் கண்டுபிடித்துவிடுவார். ஸ்டீல் இதைச் சொல்லித்தராது. பட்டது, படவில்லை, அவ்வளவுதான் சொல்லும். குறி சரிசெய்வதற்கும் கை பழகுவதற்கும் காகிதத்துக்கு மிஞ்சியது இன்னும் வரவில்லை. நான் இப்போதும் ஒவ்வொரு முறையும் முதல் இருபது தோட்டாவைக் காகிதத்தில்தான் செலவழிக்கிறேன்.

ரப்பர் மாதிரியான பாலிமர் டார்கெட்டும் உண்டு. குண்டு துளைத்துக்கொண்டு போகும், ஓட்டை தானாகச் சுருங்கிக்கொள்ளும். தெறிப்பே இல்லாததால் பக்கத்திலிருந்தும் சுடலாம்; நூறு கஜம் இடம் இல்லாதவர்களுக்கு இதுதான் சரி. குண்டு வேகம் குறையாமல் பின்னால் போகும் என்பதால் மண்மேடு கச்சிதமாக இருக்க வேண்டும். அப்புறம் அது மணி அடிக்காது. சுடுபவர்கள் ஸ்டீலுக்குக் காசு கொடுப்பதே அந்த மணிக்காகத்தான். நூறு கஜத்தில் விசையை அழுத்தியதும் அரை நொடிக்குள் ‘டிங்’ வந்துவிடும். ஐந்நூறில் .308-க்கு ஏறக்குறைய இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நொடியில் மூச்சு விட யாருக்கும் தோன்றுவதில்லை.

சுழலும் தகடு, விழுந்து எழும் தகடு, மரம் மாதிரி ஆறு தகடு இருபக்கமும் புரளும் சாதனம் என்று விதவிதமாக விற்கிறார்கள். அசையும் பாகம் கூடினால் உடையும் பாகமும் கூடும். விழும் டார்கெட்டில் எனக்குப் பிடித்தது மெக்சிகோவிலிருந்து வந்த சிலுவெட்டா போட்டிதான்: 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் செம்மறிக்கடா. எல்லாம் இரும்பில் வெட்டிய உருவங்கள். பட்டால் மட்டும் போதாது, மேடையிலிருந்து கீழே விழ வேண்டும். பழகுவதற்கு இரண்டு சாதாரண வட்டங்களே போதும் என்பது என் கட்சி.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நூறு கஜத்துக்கு இரண்டு அங்குலத் தகடு வாங்கி அடிக்க முடியாமல் தவிப்பதைவிட, தூரத்தில் ஒவ்வொரு நூறு கஜத்துக்கும் நான்கு அங்குலம் என்று ஆரம்பியுங்கள். முந்நூறு கஜத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். படாத குண்டு தகட்டைத் தேய்ப்பதில்லை, ஆனால் மரக்காலை முறிக்கும்.

நாங்கள் கடைசியில் வாங்கியது இது: ஏஆர் 500, எட்டில் மூன்று அங்குலம், லேசரில் வெட்டியது, பன்னிரண்டு அங்குல வட்டம் இரண்டு, எட்டு அங்குல வட்டம் ஒன்று. முதல் யோசனை நூறு கஜம். நிலத்தை அளந்து பார்த்ததில், மேட்டின் வடக்கு முனைக்கு மாற்றினால் நூற்றெண்பது கஜம் கிடைத்தது, அங்கேயே நட்டுவிட்டோம். இரண்டு வருடமாக .223-உம் நண்பரின் .308-உம் வாங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கிறோம். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு விரலால் தடவினால் அங்கங்கே லேசான சொரசொரப்பு, அவ்வளவுதான். தடவிய கையோடு சாப்பிட உட்காராதீர்கள்; ஈயத்தூள். சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கழுவிய பிறகுதான் புளிசோற்றுப் பொட்டலம் பிரியும்.

ஒன்றை மட்டும் மறுபடி வாங்க நேர்ந்தால் மாற்றுவேன். எட்டு அங்குலத் தகட்டை அரை அங்குலத் தடிமனில் எடுத்திருக்கலாம். .308 பட்டால் அது சுழன்று போய்ப் பட்டையில் மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் நூற்றெண்பது கஜம் நடந்துபோய் எடுத்துவிட வேண்டியிருக்கிறது. நடையை நான்தான் பரிந்துரைத்தேன் என்று நண்பர்கள் என்னையே அனுப்புகிறார்கள்.

அந்தப் பழைய கேட் தகட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கை கீறிய நண்பர், “குழிதான் இருக்கே, பணியாரம் ஊத்திப் பாப்பமா?” என்று கேட்டார். ஈயம் ஊறிய இரும்பில் பணியாரமா என்று அவர் மனைவி முறைத்த முறைப்பில் பேச்சு நின்றது. இப்போது அது பண்ணை வாசலில், காற்றுக்குக் கேட் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் ஐந்து குழியிலும் தண்ணீர் நிற்கும்.